தானே நிமிர்ந்த கால்

அந்த மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் இரண்டு அறைகள். ஒன்றில் டாக்டர் பேசுவார், இன்னொன்றில் வேலை நடக்கும். இப்படிச் சொன்னவர் மாவுக்கட்டுக்காரர். டாக்டர் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. கட்டுக்காரருக்கென்று ஒரு பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. மற்றபடி இருபத்தெட்டு வருஷமாக எல்லோருக்கும் அவர் மாவுக்கட்டுக்காரர்தான். கட்டுப் போட்டுக்கொண்டு போகும் குழந்தைகளுக்கு மாவு மாமா.

உலகத்தில் அவருக்குப் பிடித்தது ஒழுங்காகப் போட்ட கட்டு. பிடிக்காதவற்றை எழுதப் போனால் தாள் பத்தாது. எக்ஸ்ரே எடுப்பவர் காலைக் கோணலாக வைத்துப் படம் பிடிக்கிறார். இரவுப் பணியாள் போடுவது கட்டே அல்ல, பார்சல். புதிதாக வருகிற டாக்டர்களுக்குக் கத்தரிக்கோலை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாது, ஆனால் வந்த அன்றே நாற்காலி மட்டும் சரியாகத் தெரிந்துவிடுகிறது. “யாரையாவது மட்டம் தட்டலேன்னா உங்களுக்குச் சாப்பிட்டது செரிக்காது” என்பாள் மனைவி. அவர் மறுத்ததில்லை. ஒருவரைக் கேவலமாக நினைப்பதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது.

இந்த வேலைக்கு வந்ததே ஒருவரை மட்டம் தட்டித்தான். இருபத்து நாலு வயதுவரை அவர் சுவர் பூசும் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு இதே மருத்துவமனைக்கு வந்தார். அந்தக் காலத்துக் கட்டுக்காரர் மாவைத் தண்ணீரில் முக்கும்போது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே, “அண்ணே, தண்ணி சூடா இருக்கு. நீங்க சுத்தி முடிக்கறதுக்குள்ள இறுகிடும்” என்றார். இறுகியது. பெரிய டாக்டர் சிரித்துவிட்டு, “கை சரியானதும் வா, நீயே கலக்கு” என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னதை இவர் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து வாசலில் வந்து நின்றார். விரட்டிப் பார்த்தார்கள். போகவில்லை.

அந்த அறையில் செவ்வாய்க்கிழமை மட்டும் தனி. அன்று வருகிறவர்கள் பாதம் உள்பக்கம் மடங்கிப் பிறந்த குழந்தைகள். குதிகால் மேலே ஏறி நிற்கும். உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறந்த ஓரிரு வாரத்தில் கொண்டுவந்துவிட்டால் எலும்பு இன்னும் குருத்தாகவே இருக்கும், சொன்னால் கேட்கும். பாதத்தின் வெளிப்பக்கத்தில் துருத்தும் ஓர் எலும்பில் கட்டைவிரலை ஊன்றி, மறுகையால் பாதத்தை வெளியே ஒரு நூலளவு திருப்பி, திருப்பியது திருப்பியபடி பிடித்துத் தொடைவரை மாவுக்கட்டு. அடுத்த செவ்வாய் ஊறவைத்துப் பிரித்து, இன்னும் ஒரு நூல். இப்படி ஐந்தாறு வாரம். பிறகு டாக்டர் குதிகாலின் தசைநாரைக் கத்தி முனையால் அறுத்துவிடுவார். மூன்று வாரத்துக்குக் கடைசிக் கட்டு. கால் நேராகிவிடும்.

அதற்கப்புறம்தான் பாடு. இரண்டு குட்டி ஷூக்களை ஓர் இரும்புக் கம்பியின் இரு முனையிலும் பூட்டியிருக்கும். முதல் மூன்று மாதம் இரவும் பகலும், பிறகு நாலு வயதுவரை தூங்கும்போதெல்லாம் அது காலில் இருக்க வேண்டும். விட்டால் நேரான கால் மறுபடி உள்ளே திரும்பும். அதை அவர் ஒவ்வொரு தாயிடமும் ஒரே மாதிரி சொல்வார்: “கட்டு என் வேலை, கம்பி உங்க வேலை. கம்பிய விட்டா என் வேலையும் போச்சு.”

இப்போது அத்தானுக்கு வருவோம். மாவுக்கட்டுக்காரருடைய அக்காவின் புருஷன். ஒரு தண்ணீர்ப் பம்பு கம்பெனியில் முப்பது வருஷம் வரைபடம் போட்டவர். ஓய்வு பெற்ற மறுமாதம் மனித உடம்பைக் கண்டுபிடித்தார். அதுவரை அந்த உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்தாரோ தெரியாது. கண்டுபிடித்த பிறகு அவர் வாயை மூடவில்லை. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தபால் அலுவலகத்துக்கு மேலே ஒரு வாடகைக் கூடத்தில், ‘உடலே சாட்சி’ என்று பதாகை கட்டி, திரையும் படக்கருவியும் வைத்து, பேச்சு. கேட்க வருகிறவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், மீதிப் பேர் அவர்களைக் கூட்டிவந்தவர்கள்.

“இதயம் ஒரு பம்பு. நான் முப்பது வருஷம் பம்பு போட்டவன். எழுபது வருஷம் நிக்காம ஓடுற பம்ப எவனாவது காட்டட்டும் பாக்கலாம். வரைபடம் இல்லாம பம்பு வராது. வரைஞ்சவன் இல்லாம வரைபடம் வராது.” இதுதான் ஆரம்பம். கூடம் தலையாட்டும். பின்வரிசையில் மாவுக்கட்டுக்காரர் பல்லைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அத்தான் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது அத்தானே வரைந்த பம்பு. வருஷத்துக்கு இரண்டு முறை படுத்துவிடும். அப்போதெல்லாம் அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறுவாள். வாடிக்கையாளர்களுக்கு முப்பது வருஷம் சொன்ன பதிலையே அத்தான் அக்காவுக்கும் சொல்வார்: “வடிவமைப்புல தப்பில்ல. பராமரிப்புலதான் தப்பு.”

பிறகு ரத்தம். “ஒரு வெட்டுக்காயத்துல ரத்தம் உறையணும்னா ஒரு டஜன் பொருள் ஒண்ணு பின்னால ஒண்ணா வேலை செய்யணும். ஒண்ணு குறைஞ்சாலும் மத்ததெல்லாம் வீண். கொஞ்சம் கொஞ்சமா தானா வந்துச்சுங்கறாங்க. பாதி வந்தப்போ அதுக்கு என்ன பிரயோஜனம்? முழுசா யோசிச்சு ஒருத்தன் வச்சிருக்கான்.” பிறகு கண், பிறகு காதுக்குள் இருக்கும் மூன்று குட்டி எலும்புகள். படம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஒருமுறை மட்டும் அவர் பல்குத்துவதை நிறுத்தினார். திரையில் கருவின் கை. ஆரம்பத்தில் அது துடுப்பு மாதிரி தட்டையாக இருக்குமாம். விரல்கள் முளைப்பதில்லையாம்; விரல்களுக்கு நடுவே இருக்கும் செல்கள் தாமாகச் செத்து வழிவிடுவதால்தான் ஐந்து விரல் பிரிகிறதாம். “அந்தச் செல்லுக்கு ‘நீ சாகு, பக்கத்துல இருக்கறவன் வாழட்டும்’னு சொன்னது யாரு?” என்று அத்தான் குரலைத் தாழ்த்திக் கேட்டபோது, மாவுக்கட்டுக்காரருக்கே ஒரு நிமிஷம் மெய்சிலிர்த்தது. அடுத்த நிமிஷம், விரல்கள் ஒட்டியபடி பிறந்து, அறுத்துப் பிரித்த பிறகு தன்னிடம் கட்டுக்கு வந்த குழந்தைகள் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். அவர்களுடைய செல்லுக்குச் சொல்ல மறந்தது யார் என்று கேட்க நினைத்தார். சிலிர்த்துப் போனதற்காகத் தன் மேலேயே கோபம் வந்ததால் கேட்கவில்லை.

மற்ற நாள்களில் கேட்டுவிடுவார். பேச்சு முடிந்து தேநீர் கொடுக்கும்போது, எல்லோர் காதிலும் விழும்படி: “ஏன் அத்தான், சாப்பாட்டுக்கும் மூச்சுக்கும் ஒரே வாசல் வச்சிருக்கானே உங்க ஆளு. உங்க கம்பெனியில குடிதண்ணியும் சாக்கடையும் ஒரே குழாயில விட்டிருந்தா உங்களை வேலையில வச்சிருப்பாங்களா?”

“மென்னு சாப்பிடணும், மாப்ளே. அது பயன்படுத்துறவன் பொறுப்பு.”

“முதுகுத்தண்டு? என் அறைக்கு வெளியில வரிசையில நிக்கறாங்களே, அவங்க பொறுப்பா?”

“உக்கார்ற விதம் சரியில்ல.”

எதற்கும் பதில் இருந்தது. சரியாக இருக்கும் ஒவ்வொன்றும் வரைந்தவனின் பெருமை. சரியில்லாத ஒவ்வொன்றும் நம்முடைய குற்றம். இப்படி ஒரு கணக்கில் யார்தான் தோற்பார்கள்? மாவுக்கட்டுக்காரர் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். உண்மையைச் சொன்னால், அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமையை அத்தானைவிட அதிகமாக எதிர்பார்த்தவர் இவர்தான்.

அக்காவுக்கு ஒரே மகள். மாவுக்கட்டுக்காரருக்குக் குழந்தை இல்லை. அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்ததில் பாதி அவருடைய தோள். பள்ளி விடுமுறையில் அவள் கட்டு அறைக்கு வந்து, மிச்ச மாவில் யானையும் வீடும் செய்து ஜன்னலில் காயவைப்பாள். உலகத்தில் அவர் மட்டமாக நினைக்காத ஆள் அவள் ஒருத்தி. வளர்ந்து, ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் தொலைபேசி எடுக்கும் வேலைக்குப் போனாள், இரவுப் பணி. புருஷனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில். அதனால் அவள் பெற்றோர் வீட்டிலேயே இருந்தாள். அங்கேதான் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. இடது பாதம் உள்ளே மடங்கியிருந்தது.

பிறந்த மூன்றாம் நாள் மாவுக்கட்டுக்காரர் பார்க்கப் போனார். அத்தான் குழந்தையைக் கழுத்துவரை துண்டால் சுற்றி வைத்திருந்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் “தூங்குது, பிரிக்காதீங்க” என்றார். தாய்தான் துண்டை விலக்கிக் காட்டினாள்.

“உள்ள இடம் நெருக்கம், மடங்கியிருக்கு, அவ்வளவுதான். தானே விரிஞ்சிடும். மொட்ட யாராவது பிரிச்சு விடுறாங்களா?” என்றார் அத்தான்.

“இடம் பத்தலையா? அப்ப இடத்த அளந்து போட்ட இன்ஜினியர் யாரு, அத்தான்?”

“ரெண்டு பேரும் வாய மூடுங்க” என்றாள் அக்கா. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அந்தப் பெண் யாரோடும் வாதாடவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை, குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு தனியாகப் பேருந்து பிடித்து வந்து, வரிசையில் நின்றாள். “நடக்குமா மாமா?” என்று மட்டும் கேட்டாள். “ஓடும்” என்றார் அவர்.

ஆறு கட்டு. ஒவ்வொரு கட்டும் அவரே போட்டார். டாக்டர் பாதத்தைப் பிடிக்க வந்தபோது, “நீங்க பாருங்க சார், நான் பிடிக்கறேன்” என்று நகர்த்திவிட்டார். பெருவிரல் நுனி ரோஜா நிறத்தில் வெளியே தெரிகிறதா என்று பத்து தடவை பார்த்தார். வீட்டில் அத்தான், “பிஞ்சுக் காலைக் கல்லுக்குள்ள அடைக்கறான்” என்று அக்காவிடம் புலம்பியது அவர் காதுக்கு வந்தது. இரண்டரை மாதம் கழித்துக் கடைசிக் கட்டைப் பிரித்தபோது, பாதம் நேராக, தட்டையாக, அவருடைய உள்ளங்கையில் அடங்கி இருந்தது. மாவு மூட்டை வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். வெளியே வந்ததும் இரவுப் பணியாள் வாளியைக் கழுவாமல் போனதற்காகப் பகல் பணியாளைத் திட்டினார்.

கம்பி ஷூ வந்தது. முதல் மூன்று மாதம் தாயே வீட்டில் இருந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஏழாம் மாதம் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினாள். கால் வளர்ந்திருந்ததால் அடுத்த அளவில் புது ஷூ வாங்கினார்கள்; இனி அது தூங்கும்போது மட்டும். சாயங்காலம் அவள் கிளம்பும்போது அக்காவும் அத்தானும் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள். காலையில் அவள் திரும்பும்போது குழந்தை ஷூவோடு தூங்கிக்கொண்டிருக்கும்.

குழந்தைக்குப் பத்து மாதம் ஆனபோது, அந்தக் கடைசி ஞாயிறு வந்தது. அன்றைய தலைப்பு, ‘தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் திட்டம்’. திரையில் முதலில் ஒரு பாதம் வந்தது, பிறந்த அன்று எடுத்த படம். ஊருக்கெல்லாம் துண்டு போட்டு மறைத்த மனுஷன், படம் மட்டும் எடுத்து வைத்திருக்கிறார். அடுத்து அக்கா குழந்தையோடு மேடையேறினாள். அத்தான் குழந்தையின் காலுறையைக் கழற்றி, இடது பாதத்தைத் தூக்கிக் காட்டினார்.

“பாருங்க. நேரா இருக்கு. ஏதோ மனத்திருப்திக்கு மாவு போட்டாங்க, நான் வேண்டாங்கல. ஆனா எந்த எலும்பு எங்க போகணும்னு மாவுக்கா தெரியும்? காலுக்குத் தெரியும்! ஒரு செல்லா இருந்தப்பவே அதுக்குள்ள எழுதி வச்சிருக்கு. கோணினாலும் அந்தத் திட்டம் அழியாது. தானே வழிக்கு வந்துடும்!”

கைதட்டல். மாவுக்கட்டுக்காரருக்குக் காதெல்லாம் சூடாகியது. சுத்தப் பொய்யாக இருந்திருந்தால் சிரித்திருப்பார். பாதி உண்மை என்பதுதான் சுட்டது. திருப்பி வைப்பதுதான் அவர் வேலை. திருப்பிய இடத்தில் குருத்து தன்னைத் தானே செதுக்கிக்கொள்வது அவர் கையில் இல்லை. அது அவருக்கு இருபத்தெட்டு வருஷமாகத் தெரியும். ஆனால் அந்த ஒரு நூல், அடுத்த ஒரு நூல், அதை யார் திருப்பினார்கள்? மனத்திருப்தியா?

தேநீர் நேரத்தில் அந்தப் பெண் குழந்தையை அவரிடம் கொடுத்தாள். கை பழக்கதோஷத்தில் பாதத்துக்குப் போனது. கம்பி ஷூ போட்டுத் தூங்கும் குழந்தைக்குக் கணுக்காலின் முன்பக்கம் பட்டை பதிந்து மங்கலாக ஒரு வரி இருக்கும். குதிகால் தோல் சற்றுத் தடித்திருக்கும். இதில் வரியும் இல்லை, தடிப்பும் இல்லை. பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பார்த்தார். நேராக வந்தது, அதற்கு மேல் வர வேண்டிய கொஞ்சம் வரவில்லை. பக்கத்தில் அக்காவின் பையில் ஷூ இருந்தது. எடுத்துப் பட்டையை மடக்கிப் பார்த்தார். மூன்று மாதமாக ராத்திரி முழுக்க இழுத்துக் கட்டிய தோலில் மடிப்பு விழுந்திருக்க வேண்டும். இது கடையில் தொங்கியபோது இருந்த மாதிரியே இருந்தது. குழந்தை அழுதால் கழற்றிவிடுகிறார்கள், விடியும்போது மாட்டிவிடுகிறார்கள். இது புரிய அவருக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

“ராத்திரியெல்லாம் ஷூ போடுறாங்களா?” என்று கேட்டார்.

“தினமும் மாமா. காலைல நான் வரும்போது காலிலேயேதான் இருக்கு. அப்பா பேச்சுதான் அப்படி, குழந்தை விஷயத்துல ரொம்ப ஒழுங்கு” என்றாள் அவள். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து அத்தான் ஒரு பெரிய மனிதரை இழுத்துக்கொண்டு வந்தார். “இவர்தான் நம்ம மச்சினன். அந்த மாவு போட்டவர். பாவம், அவரும் அவரால முடிஞ்சத செஞ்சார்” என்று தோளில் தட்டினார். பெரிய மனிதர் இரக்கத்தோடு சிரித்தார்.

மாவுக்கட்டுக்காரர் எடுத்த வாயை மூடிக்கொண்டார். உள்ளே ஒரு குரல் சொன்னது: திரும்பட்டும். கால் கோணலாகத் திரும்பட்டும். இதே மேடையில் இந்த ஆள் மூக்கு அறுபடட்டும். நினைத்ததும் மனசு குளிர்ந்தது. குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பிஸ்கட் எடுத்துத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார், அத்தான் மாதிரியே கையை ஆட்டி, நடித்துக்கூடக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை.

“அவகிட்ட சொன்னீங்களா?”

“சொல்லுவேன். இன்னும் ரெண்டு மாசம் போகட்டும். அப்ப அந்த ஆளு மூஞ்சிய பாக்கணும்.”

“அது அந்த ஆளோட காலா?” என்றாள் மனைவி.

அவர் தனக்குத் தானே நியாயங்கள் அடுக்கினார், அத்தானே தோற்கும் அளவுக்கு. நாலு மாதத்தில் எப்படியும் பரிசோதனைக்கு வரத்தான் போகிறார்கள்; டாக்டர் கண்டுபிடிப்பார். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைத்தால் அக்காதான் வருத்தப்படுவாள். போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை. நேரில் போக நேரமில்லை. நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நேரம் இருந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் கேட்கும் கேள்விகளைக்கூட இப்போது கேட்பதில்லை. தான் ஜெயித்துவிட்டதாக அத்தான் நினைத்தார்.

பதினைந்தாம் மாதத்தில் குழந்தை நடக்க ஆரம்பித்தது. வலதுகாலை முழுசாக ஊன்றியது, இடதுகாலை வெளி விளிம்பில் ஊன்றியது. அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். அத்தான், அக்கா, அவள். குழந்தை டாக்டர் அறையில் விளிம்பில் நடந்து காட்டி, தானே கைதட்டிக்கொண்டது.

“ஷூ ராத்திரி போடுறீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“ஒரு ராத்திரி விடாம” என்றாள் அவள்.

டாக்டர் ஷூவைக் கேட்டு வாங்கினார். பட்டையை மடக்கிப் பார்த்தார். இந்தப் பெண்ணைப் பார்த்தார். ஷூவை மேஜையில் வைத்தார். அக்காவால் தாங்க முடியவில்லை. “குழந்தை கத்துதேம்மா, நான்தான் எத்தன தடவ சொன்னேன் இவர்கிட்ட, கேட்டாத்தானே” என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் கொட்டினாள். கழற்றியது, விடியற்காலையில் மாட்டியது, மகள் படியேறும் சத்தம் கேட்டுப் பட்டையை இழுத்தது.

“நேரான காலுக்கு எதுக்கு விலங்குன்னு நெனச்சேன்” என்றார் அத்தான். பிறகு, யாரும் கேட்காமலே, “வடிவமைப்புல தப்பில்ல, பராமரிப்புலதான்…” என்று தொடங்கினார். தான் என்ன சொல்கிறோம் என்று அப்போதுதான் அவர் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. நிறுத்திக்கொண்டார்.

கதவோரம் நின்று மாவுக்கட்டுக்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். ஐந்து மாதமாகக் காத்திருந்த முகம். ஈயாடவில்லை அதில். சவரம் ஒழுங்காகச் செய்யாத, வாயோரம் நடுங்குகிற, வெறும் கிழட்டு முகம். இதைப் பார்க்கத்தானா என்று இருந்தது. ஒரு ருசியும் இல்லை.

மறுபடி கட்டு. குறைந்தது நாலு கட்டாவது ஆகும், சரிவரவில்லை என்றால் பெரிய அறுவை சிகிச்சை என்றார் டாக்டர். அத்தானும் அக்காவும் வெளி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கட்டு அறைக்கு வந்தாள். இந்த முறை குருத்து முற்றியிருந்தது, சொன்ன பேச்சு கேட்கவில்லை. நடக்கத் தெரிந்த குழந்தைக்குக் காலைப் பிடித்து வைத்தால் என்னவென்றும் தெரிந்திருந்தது. தொண்டை கிழியக் கத்தியது. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் கட்டைவிரலை ஊன்றினார்.

“அன்னைக்குக் கூட்டத்துல பட்டைய மடக்கிப் பாத்தீங்களே மாமா. இப்ப டாக்டர் பாத்த மாதிரியே” என்றாள் அவள், அவரைப் பார்க்காமல்.

அவர் பஞ்சைச் சுற்ற ஆரம்பித்தார்.

“அப்பவே தெரிஞ்சுதா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். நம்பத்தான் விரும்பினாள்.

“தெரிஞ்சுது.”

“எனக்கு ஏன் சொல்லல?”

சுற்றியிருந்த பஞ்சின் மேல் முதல் மாவுச்சுருள் ஏறியது. கை தானாக வேலை செய்தது. இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ பேருடைய முட்டாள்தனத்துக்கு அவரிடம் வார்த்தை இருந்திருக்கிறது. இதற்குத் தேடினார்.

“உங்கப்பா தோக்கட்டும்னு பாத்தேன்மா.”

அவள் தலையை ஆட்டினாள், ஏதோ முகவரி சொன்னதைக் கேட்டுக்கொள்வது போல. அவர் தொடைவரை சுற்றி, ஓரத்தை மடித்து, உள்ளங்கையால் தேய்த்து, பெருவிரல் நுனி சிவப்பாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். நல்ல கட்டு. குறை சொல்ல முடியாத கட்டு. ஈரம் காயும்வரை அவள் குழந்தையின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றாள். பிறகு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பையை எடுத்தாள். வாசலில் நின்று, மற்றத் தாய்மார்கள் கேட்பது போலவே கேட்டாள்:

“அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வரணும், சார்?”

ஒன்பது மணிக்கு என்று சொன்னார்.